வலப்பக்கக் கீறல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் வந்து நிற்கிற கோபமென்றால் அடக்கிவிடலாம். என்னுடையது அங்கே நிற்காமல் நேரே வாய்க்கு வந்துவிடும். போன நவம்பரில் நடந்ததை எழுத உட்கார்ந்து பேனையை அழுத்திப் பிடித்ததில் இப்போதே விரல் நோகிறது. இதில் வருகிற மூன்று பேரில் நான் கோபப்படாத ஆள் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

ஸ்காபரோவில் ஒரு தொழிற்கூடத்தில், கைத்துப்பாக்கிகளின் இரும்புத் துண்டுகளில் கீறல் பார்ப்பது என் வேலை. சிரிக்க வேண்டாம், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. வங்கிப் பணம் ஏற்றும் வண்டிகளில் போகிற காவலாளிகளின் துப்பாக்கிகள், வருடக்கணக்காக இடுப்பு உறைக்குள் போய்வந்து தேய்ந்துவிடும். அவற்றின் மேற்பக்கத்தில் முன்னும் பின்னும் ஓடுகிற நீளமான துண்டை மட்டும் கழற்றி எங்களிடம் அனுப்புவார்கள். ஸ்லைட் என்று அதற்குப் பெயர். முழுத் துப்பாக்கி எங்கள் கண்ணில் படுவதே இல்லை. நாங்கள் அந்தத் துண்டைத் தேய்த்து, உப்புத் தொட்டியில் கொதிக்கவைத்து, மறுபடியும் கருநீலத் தோல் ஏற்றி அனுப்புவோம். அந்தத் தோல் கடதாசியைவிட மெல்லியது. நகம் பட்டால் ஒன்றும் ஆகாது. கூரான இரும்பு பட்டால் வெள்ளைக் கோடு விழுந்துவிடும்.

பதினொரு வருடமாக இதைப் பார்க்கிறேன். தொட்டிக்குப் போகுமுன் ஒரு பழைய துண்டைக் கையில் தந்தால் அதன் சொந்தக்காரனைப் பற்றி நாலு விஷயம் சொல்வேன். முன்முனையின் இரண்டு விளிம்பும் வெளுத்திருந்தால் உறை இறுக்கமானது. ஒரு விளிம்பு மட்டும் வெளுத்திருந்தால் ஆள் வண்டியில் ஒரு பக்கம் சாய்ந்து இருக்கிறவன். பின்பக்கத்தில் விரல் தடம் போலத் துரு பிடித்திருந்தால் கை வியர்க்கிறவன், பயந்தவனாகவும் இருக்கலாம். இதெல்லாம் தேய்மானம். தேய்மானத்தில் எனக்குக் கோபமில்லை. கீறல் வேறு. கீறல் என்றால் ஒருவரின் கவலையீனம்.

எங்கள் படிவத்தில் கீறலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. 'அழகுக் குறை மட்டும், வேலைக்குப் பழுதில்லை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கியின் வேலை என்னவென்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எனக்குப் பதினேழு வயதில் ஒருவன் அதை என் அண்ணனின் நெற்றியில் வைத்துக்கொண்டு அடையாள அட்டை கேட்டான். அதில் கீறல் இருந்ததா, மினுமினுவென்று இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவள் கடல் கடந்து வந்து, அதே சாமானுக்கு அழகு பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்தான் கீறல் போடுகிறவர்கள் மேல் காட்டினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அது காரணமே தவிர நியாயம் இல்லை.

எங்கள் மூலையில் இருந்தது இரண்டு பேர். தொட்டியிலிருந்து வந்த துண்டை நான் விளக்கின் கீழே வைத்துப் பார்ப்பேன். சரியென்றால் பக்கத்து மேசைக்குத் தள்ளுவேன். அங்கே ஒருவன் அதற்கு எண்ணெய் பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்குவான். போன வருடம் அந்த மேசைக்கு வந்தவன் மட்டக்களப்புக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். எதற்கெடுத்தாலும் "மறுகா" என்பான். மறுகா சாப்பிடுறன், மறுகா வாறன், மறுகா பாப்பம். 'பிறகு' என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "மறுகா, மறுகா எண்டு எல்லாத்தையும் ஒத்திவைச்சா வேலை எப்ப ஐசே முடியிறது?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவனும் சிரிப்பான். அது பகிடி மட்டும்தானா என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுடைய மனைவியும் ஏழு வயது மகளும் ஜனவரியில் வந்திறங்க இருந்தார்கள். அவன் பார்க்டேலில் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தான். முப்பது வருடத்துக்கு முன் நானும் அங்கேதான் வந்து இறங்கினேன், அந்த அறைகள் எப்படியென்று எனக்குத் தெரியும். குடும்பம் வருகிறதென்று ஸ்காபரோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை, பேஸ்மென்டை, வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தான். வேலையில் இருப்பதற்குச் சாட்சியாக வீட்டுக்காரர் ஜொப் லெட்டர் கேட்டார். எங்கள் சுப்பவைசர் எழுதிக் கொடுத்தான். அந்தக் கடிதத்தை அவன் என்னிடம் காட்டியபோது முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை இருந்தால் வீடு, வீடு இருந்தால் மகளுக்குப் படுக்க ஒரு தனிக் கட்டில். அவ்வளவுதான் அவன் கேட்டது.

எங்கள் மூலையில் கையில் ஒன்றும் போடக்கூடாது என்பது சட்டம். மோதிரம், மணிக்கூடு, வளையல், எல்லாம் லொக்கருக்குள். தாலிக்கொடியைக்கூட நான் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் கௌரிக் காப்பை என்ன செய்வது? தீபாவளியோடு முடிகிற இருபத்தொரு நாள் விரதம் இருந்து, றிச்மண்ட் ஹில் கோயிலில் வரிசையில் நின்று இடது மணிக்கட்டில் கட்டுகிற நூல் அது. அடுத்த விரதம் வரும்வரை கழற்றக்கூடாது. முதல் வருடமே நான் சுப்பவைசரோடு சண்டை பிடித்து அதற்கு அனுமதி வாங்கியிருந்தேன். நூல்தானே, நூல் இரும்பைக் கீறுமா? கிளவ்ஸுக்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். போன வருடம் காப்பைத் தொளதொளவென்று கட்டிவிட்டார்கள், அது கிளவ்ஸை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. காப்புக் கட்டி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை கழிவறையில் நின்று அதை மடித்து இறுக்கி உள்ளே தள்ளிவிட்டு வந்து இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சுப்பவைசர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். அவன் இங்கே பிறந்த பெடியன். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். எனக்கு மகன் வயது, ஆனாலும் அவன் சொன்னால்தான் எங்களுக்கு லீவு. பெட்டியில் பன்னிரண்டு துண்டில் ஐந்தில் கீறல். ஐந்திலும் ஒரே இடம், வலப்பக்கம், பின்முனைக்குக் கிட்ட. மயிர் போல மெல்லிய, அரை விரல் நீளக் கோடு.

"அன்ரி, ஹௌ டிட் யூ மிஸ் திஸ்?" என்று கேட்டான்.

தப்பவிட்டேனாம். நான்! எனக்கு உச்சி கொதித்தது. பதினொரு வருடத்தில் என் விளக்கைத் தாண்டி ஒரு கீறல் போனதில்லை.

"தம்பி, என்ரை கையை விட்டுப் போகேக்கை உதுகளிலை ஒரு கோடும் இல்லை. நான் கண்ணிலை எண்ணெய் விட்டுப் பாத்தனான். எனக்குப் பிறகுதான் விழுந்திருக்கு."

எனக்குப் பிறகு இருந்தது ஒருவன்தான். அவன் பக்கத்து மேசையில் எண்ணெய்த் துணியோடு நின்றான். என் கண் அவனுடைய இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் ஒரு திறப்புக் கோர்வை, சாவிக் கொத்து, தொங்கியது. குனிந்து பெட்டி அடுக்குகிறபோது அது மேசை விளிம்பில் உரசும். எவ்வளவு கெதியாக அதைக் கண்டுபிடித்தேன் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

"உந்தத் திறப்பைப் பாரும். உதோடை நிண்டு அடுக்கினா கீறாமல் என்ன செய்யும்?"

"இல்லக்கா, திறப்பு மேசைக்கு இஞ்சால வராது" என்றான். குரல் எழும்பவே இல்லை. திறப்பைக் கழற்றி லொக்கருக்குள் போடச் சொல்லி, அவனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தான் சுப்பவைசர். என் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'பெட்டி அடுக்கும்போது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வேலைநாள் கழித்து, சாப்பாட்டு நேரம் முடிந்து நான் கிளவ்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் கிட்ட வந்தான். என் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே. உங்கட காப்பு..."

அவன் முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. தன் குற்றத்தை மறைக்க என் காப்பில் பழி போட வருகிறான் என்று எனக்குப் பட்டது. விரதம் இருந்து கட்டிய காப்பு! "என்ரை காப்பிலை கண் வைக்கிறதை விட்டிட்டு உம்மடை வேலையைப் பாரும்" என்று தொட்டிப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் மேசைக்குப் போனான். அன்றைக்கு முழுக்க மறுகா என்ற சொல்லையே நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இன்னொரு பெட்டியில் ஏழு துண்டு. அதே வலப்பக்கம், அதே கோடு. சுப்பவைசர் என்னிடம் வந்து, "அன்ரி, ஆர் யூ ஷுவர்? ஹன்ட்றட் பேர்சென்ற்?" என்று கேட்டான். கேட்டானே, அதை மறைக்கக்கூடாது. நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். திறப்புத்தான் லொக்கருக்குள் போய்விட்டதே, பிறகு எப்படி என்று ஒரு பச்சைக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"பெல்ட் பக்கிளாயிருக்கும். இல்லாட்டி எறிஞ்சு அடுக்கிறானோ ஆருக்குத் தெரியும். உவங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லைத் தம்பி" என்றேன். உவங்கள் என்று பன்மையில் சொன்னேன். ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போது, மட்டக்களப்பார் எல்லாரையும் சேர்க்கிற அந்தப் பன்மை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் அவனை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவன் எண்ணெய்த் துணியை நாலாய் மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "வாறன் அக்கா" என்றான். நான் விளக்கைப் பார்த்தபடி "ம்" என்றேன்.

ஆள் இல்லாததால் பெட்டி அடுக்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது. நான்தான் பார்த்தேன், நான்தான் எண்ணெய் பூசினேன், நான்தான் சுற்றினேன். புதன்கிழமை கடைசித் துண்டைத் தாளில் வைக்கும்போது வெளிச்சம் சரிந்து விழுந்தது. வலப்பக்கம், பின்முனைக்குக் கிட்ட, மயிர் போல ஒரு கோடு.

சுற்றிவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நாலில் கோடு இருந்தது. அந்த மேசையில் என்னைத் தவிர ஒருவரும் நிற்கவில்லை. ஒரு நல்ல துண்டை எடுத்து, வழக்கம் போலவே, ஆனால் மிகமிக மெதுவாகப் பார்த்தேன். முதலில் மேற்புறம், பிறகு இடம், பிறகு வலம். வலத்தைப் பார்த்து முடித்து அடிப்புறத்தைப் பார்க்கத் திருப்பும்போது, துண்டின் பின்முனை என் இடது மணிக்கட்டில் சாய்கிறது. பதினொரு வருடமாக அப்படித்தான் திருப்புகிறேன். வலப்பக்கத்தை நான் பார்த்து முடித்த பிறகு விழுகிற கீறலை நான் எப்படிக் காண்பது?

கிளவ்ஸைக் கழற்றினேன். காப்பை மடித்து இறுக்கினேன் என்று சொன்னேனே, எதனால் இறுக்கினேன்? சேஃப்ரி பின்னால். ஊக்கு என்போமே, அதுதான். எங்கள் பெண்கள் எவளிடமும் உடம்பில் எங்காவது ஒரு பின் இருக்கும். சேலைக்கு, சட்டைக்கு, அறுந்த வாருக்கு, யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்க. மோதிரத்தைக் கழற்றினேன், மணிக்கூட்டைக் கழற்றினேன், தாலியை வீட்டில் வைத்தேன். பின் ஒரு சாமான் என்று என் புத்தியிலேயே ஏறவில்லை. அதன் கூர் நழுவி, கிளவ்ஸின் துணியைத் துளைத்து வெளியே வந்திருந்தது. நுனியில் கருநீலத் தூள் ஒட்டியிருந்தது.

"உங்கட காப்பு..." என்று அவன் தொடங்கியது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எனக்கு என் மேல் வந்த கோபத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. அந்தப் பின்னைக் கொண்டு என் வாயைத்தான் பூட்டியிருக்க வேண்டும்.

நேரே சுப்பவைசரின் அறைக்குப் போய்ப் பின்னை மேசையில் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பின்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதிரையில் சாய்ந்தான்.

"ஓகே அன்ரி. தாங்க்ஸ் ஃபோர் டெலிங் மீ. இனி அதைப் போடாதேங்கோ."

"அவனைக் கூப்பிடும்."

"அன்ரி, நியூ ஆள் மண்டே ஸ்டார்ட் பண்ணுறார். எச்ஆர் குளோஸ் பண்ணிட்டாங்கள்." பிறகு என்னைத் தேற்றுகிறதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "எனிவே, அந்தப் பெட்டியளின்ரை ஃபோட்டோவைக் கஸ்ரமருக்கு அனுப்பினனான். அழகுக் குறைதானே, பரவாயில்லை, அப்பிடியே அனுப்புங்கோ எண்டு சொல்லிட்டாங்கள். இற்ஸ் ஃபைன். டோன்ற் வொறி."

பரவாயில்லையாம். துப்பாக்கிக்காரனுக்கே பரவாயில்லாத ஒரு கோட்டுக்காக ஒரு குடும்பத்தின் கூரை போயிருக்கிறது. "உமக்கு அழகுக் குறை, அவனுக்குச் சோத்துக்குறையடா!" என்று கத்தினேன். அவன் எழும்பிக் கதவைச் சாத்தினான். அவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பயம். எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்டேலுக்குப் போனேன். முதல் பனி கொட்டிய நாளில் ஒருமுறை அவனை வீடுவரை ஏற்றிப்போய் விட்டிருந்ததால் கட்டடம் தெரியும், தொலைபேசி எண்ணும் இருந்தது. நான் இருக்கிற ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வழி முழுக்க என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு போனேன், போய்ச் சேர்ந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் கீழே வாசல் அறைக்கு இறங்கி வந்தான். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஹீற்றர் மூடியில் கை வைத்தபடி நின்றான். மேலே வரச் சொல்லவில்லை.

"தம்பி, கீறல் என்ரை சேஃப்ரி பின்னாலை வந்தது" என்றேன்.

"தெரியும் அக்கா. நான் கண்டனான்."

"கண்டனீர் எண்டா ஏன் வாயைத் திறக்கேல்லை? சுப்பவைசரிட்டைச் சொல்லியிருக்கலாம்தானே! நான் ஒருத்தி கத்தினா, அதோடை விட்டிடுறதே?" மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் நான் அவனைத்தான் ஏசிக்கொண்டு நின்றேன். பாருங்கள் என் புத்தியை.

அவன் முதல்முறையாக என் கண்ணை நேரே பார்த்தான். அவனுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். குரல் மட்டும் எழும்பவில்லை.

"நான் வந்து மூண்டு மாசமும் ஆகல்ல. நீங்க பதினொரு வருசம். உங்கட சொல்லையும் என்ட சொல்லையும் பக்கத்தில வெச்சா, அக்கா, அவங்க எதை எடுப்பாங்க?"

பேஸ்மென்ட் என்னாயிற்று என்று கேட்டேன். வீட்டுக்காரர் வேலையிடத்துக்கு போன் எடுத்திருக்கிறார். அவன் இப்போது இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாளே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். ரிக்கெற் எடுத்தாயிற்று, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்றான்.

"நான் என்ன செய்ய வேணும், சொல்லும்."

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு இடத்தில வேலைக்குக் கேட்டிருக்கன். முந்தின இடத்தில ஏன் நிப்பாட்டினாங்க எண்டு கேக்காங்க. ஒரு கடதாசி எழுதித் தாங்க."

கைப்பையில் வேலையிடத்துக் குறிப்புக் கொப்பி இருந்தது. ஹீற்றர் மூடியில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன். பெட்டிகளில் இருந்த கீறல்கள் என் கையில் இருந்த ஒரு சேஃப்ரி பின்னால் வந்தவை, தவறுதலாக இவர்மேல் குற்றம் விழுந்தது, இவர் கவனமான வேலையாள். பின் இல்லாததால் காப்பு சரிந்து சரிந்து எழுத்தின் மேல் விழுந்தது. அதைத் தள்ளித் தள்ளி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவன் சொல் சொல்லாக வாசித்தான். நான் துண்டுகளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான். ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

"அக்கா, கீறினது தவறுதலாத்தான். அதுல எனக்குக் கோவமில்ல." விரலை எடுக்கவில்லை. "என்னைச் சொன்னதும் தவறுதலாவா?"

வெளியே கிங் வீதித் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. நான் கடதாசியைத் திருப்பி வாங்கி, கிழித்துப் பைக்குள் போட்டேன். புதுத் தாளில் இரண்டே வரி எழுதினேன்.

பெட்டிகளில் இருந்த கீறல்கள் நான் போட்டவை. சரியாகப் பார்க்காமல், இவர்தான் போட்டார் என்று சொன்னவளும் நானே.

அவன் வாசித்தான். "இது சரி" என்றான்.